ஒன்றரைப் பீடி நேரம்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவள் நான். எங்கே ஒற்றுப் போடுவது, எங்கே விடுவது என்று இன்றைக்கும் தடுமாறுவேன். தொடங்கிய வசனம் முடிய வேண்டிய இடத்தில் முடியாது. போதாததற்கு மறதியும் சேர்ந்திருக்கிறது. போன கிழமை தேங்காய் வாங்கப் போய் உப்போடு வந்தேன். இப்படிப்பட்டவள் இன்னொருவருடைய மறதியைப் பற்றி எழுத வந்திருக்கிறேன். வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் வீட்டுக்காரர் திருகோணமலைத் துறைமுகத்தில் சுழியோடி. படகுக்கு அடியில் தண்ணீருக்குள் சுழலும் காற்றாடியில் கயிறு சுற்றிக்கொண்டால் கத்தியோடு கீழே போய் அறுத்துவிடுவார். நங்கூரம் அறுந்து விழுந்தால் போய்த் தேடி, கயிறு கட்டிவிட்டு வருவார். வெள்ளைக்காரக் கப்பற்படை துறைமுகத்தை விட்டுப் போய்ச் சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. அவர்கள் கடலடியில் விட்டுப் போன இரும்பும் கயிறும் எங்கள் வீட்டு உலை கொதிக்கப் போதுமாக இருந்தன.

அவருடைய மூச்சுக்குத் துறைமுகம் முழுக்கப் பெயர். அவர் குதித்ததும் மேலே நிற்பவர்கள் ஒரு பீடி பற்ற வைப்பார்கள். அது முடியுமுன் மேலே வந்து, படகு விளிம்பைப் பிடித்துக்கொண்டு கடைசி இழுப்பை அவர் இழுப்பார். இது வழக்கம். ஒரு நாளும் பிசகியதில்லை. அந்தப் பெயர்தான் அவரை மூழ்கடித்தது.

அன்றைக்கு மத்தியானம், தேயிலைப் பெட்டி ஏற்றும் தட்டைத் தெப்பத்தை, நாங்கள் பாதை என்போம், இழுக்கும் படகொன்றின் காற்றாடியில் பழைய வடம் சிக்கியிருந்தது. குதித்தார். பீடி முடிந்தது. ஆள் வரவில்லை. வேறு யாராக இருந்தாலும் அப்போதே பதறியிருப்பார்கள்.

"மனுசன் இண்டைக்கு எங்களுக்கு வித்தை காட்டுறார்" என்றாராம் ஒருவர்.

"காட்டட்டும், காட்டட்டும். இன்னொண்டைப் பத்த வையும்" என்றாராம் மற்றவர்.

இரண்டாவது பீடி பாதி போனபோது, பக்கத்து மோட்டார் லோஞ்சில் இருந்த கிண்ணியா ஊர் முஸ்லிம் மனிதர், எல்லோருக்கும் அவர் நானா, எட்டிப் பார்த்திருக்கிறார். அவர் முன்பு வெள்ளைக்காரரின் படகு ஓட்டியவர். "என்னடா ஆம்பிளையள், குமிழி ஒண்டும் வரல்லயே" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் குதித்தார். அறுத்த வடமே என் வீட்டுக்காரரின் காலைச் சுற்றியிருந்தது.

கரையில் ஏற்றியபோது மூச்சு இல்லை. எங்கள் ஆட்களுக்கு இதற்கென்று ஒரு வைத்தியம் இருந்தது. தார்ப் பீப்பாவை உருட்டி வந்து, மூழ்கினவரை அதன்மேல் குப்புறப் போட்டு, காலைப் பிடித்து முன்னும் பின்னும் உருட்டுவார்கள். தண்ணீர் வரும். சில பேருக்கு உயிரும் வந்திருக்கிறது. நானா பீப்பாவைக் காலால் உதைத்துத் தள்ளிவிட்டார்.

"உட்டுடுங்க. அவர மண்ணுல குப்புறப் போடுங்க."

"நானா, பீப்பா இல்லாமல் என்னெண்டு தண்ணி வரும்?"

"தண்ணி வந்து என்ன செய்ய? காத்து உள்ளுக்குப் போகணும்."

வெள்ளைக்காரர் பழக்கியபடி முதுகில் அழுத்தி, கையைத் தூக்கி, விட்டு, மறுபடி அழுத்தினாராம். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்களாம். "வெள்ளைக்காரன் பிரேதத்துக்கும் ட்ரில் பழக்கிப்போட்டுத்தான் போயிருக்கிறான்" என்று ஒரு கதை அங்கேயே பிறந்தது. கொஞ்ச நேரத்தில் பிரேதம் இருமியது.

எனக்குத் தண்ணீர்க் குழாயடியில் செய்தி வந்தது. குடத்தை வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். நான் ஓடவில்லை. ரோட்டில் ஓடுவது எனக்கு வெட்கம். வேகமாக நடந்தேன். அன்றைக்கும் நடந்துதான் போனேன்.

வார்டில் இருந்தவர் ஒல்லாந்தர் வழிவந்த ஒரு பறங்கி டொக்டர். உயரமான, வெயிலில் சிவந்த மனிதர். ஆஸ்பத்திரிக்குள் பழகிய தமிழ் பேசுவார். அழைத்து வந்தவர்களிடம் ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்டார்.

"எத்தனை நிமிஷம் காத்து இல்லாமல்?"

யாரிடமும் மணிக்கூடு இல்லை.

"ஒண்டரைப் பீடி, டொக்டர்."

"ரெண்டு எண்டு நினைக்கிறன்."

"ஒண்டரை. பாதிப் பீடியை நான் எறிஞ்சனான்."

டொக்டர் கோபிக்கவில்லை. அற்றெண்டன் ஒருவரைக் கூப்பிட்டு விறாந்தையில் நிறுத்தி, ஒரு பீடியைக் குடிக்கச் சொல்லித் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஆஸ்பத்திரிக்குள் பீடி குடித்ததற்காக அதற்கு முந்தின வாரம்தான் அதே அற்றெண்டன் ஏச்சு வாங்கியிருந்தார். இப்போது டொக்டர் முன்னாலேயே அவசரமில்லாமல் அனுபவித்துக் குடித்தார். நடுவில் அது அணைந்து, மறுபடி பற்ற வைத்தார். படகிலும் பீடி அணைந்ததா என்று யாருக்கும் நினைவில்லை. டொக்டர் ஏதோ எழுதிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"மூளை காத்துச் சாப்பிட்டு வாழும். பட்டினி கிடந்தால் கொஞ்சம் சாகும். எவ்வளவு செத்தது, இப்ப சொல்ல ஏலாது. இருக்கிறதைக் காப்பாத்த வேணும். காய்ச்சல் வரக்கூடாது. சத்தம் கூடாது. தானாக விழுங்குமட்டும் வாயில் ஒன்றும் ஊத்தக்கூடாது."

நான் தலையாட்டினேன். டொக்டர் திரும்பியதும் மாமி, அவருடைய தாயார், சேலைத் தலைப்புக்குள்ளிருந்து ஒரு போத்தலை எடுத்தார். இஞ்சியும் மிளகும் போட்ட கோப்பி.

"ரெண்டு முடறு உள்ளை போனால் எழும்பிடுவான்."

என் வாழ்க்கையில் மாமியின் கையைப் பிடித்தது அன்றைக்கு ஒருமுறைதான். பிடித்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் நின்றேன். பேசத் தெரிந்திருந்தால் இவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்க மாட்டேன்.

இரவோடு காய்ச்சல் வந்தது. டொக்டர் ஐஸ் கேட்டார். ஆஸ்பத்திரியில் போதுமான ஐஸ் இல்லை. துறைமுகத்தில் இருந்தது, மீன் பெட்டிகளுக்குள். படகுக்காரர்கள் சாக்கில் கட்டிக் கொண்டுவந்து சேர்த்தார்கள். நெற்றியிலும் கமக்கட்டிலும் ஐஸ் வைத்து ஈரத்துணி போர்த்தியபோது வார்டு முழுக்கச் சூரை மீன் மணத்தது. மாமி தலையில் அடித்துக்கொண்டார். "குளிரிலை விறைச்சு வந்த பிள்ளையை அறுக்குளா மீன் மாதிரிப் பழுதாகாமல் வைக்கினம்." அவர் வசையாகச் சொன்னார். டொக்டர் செய்ததும் அதுதான்.

மூன்றாம் நாள் கண் திறந்தார். நாலாம் நாள் விழுங்கினார். அதன் பிறகுதான் பெரிய ஆபத்து வந்தது: சொந்தக்காரர்கள்.

சாம்பல்தீவிலிருந்து வந்தார்கள், நகரத்திலிருந்து வந்தார்கள், மூதூர் லோஞ்சிலும் வந்தார்கள். சத்தம் கூடாது என்றால் மெதுவாகச் சத்தம் போட்டார்கள். வந்தவர் ஒவ்வொருவரும் கட்டிலருகே குனிந்து ஒரே கேள்வியைக் கேட்டார்கள்.

"என்னைத் தெரியுதோ?"

அவர் ஒவ்வொருவரையும் பார்த்துத் தலையாட்டி "ஓம்" என்றார். கேட்டவருக்கு முகம் மலர்ந்துவிடும். "எங்களை அவன் மறக்கமாட்டான்" என்று மற்றவர்களை ஒரு பார்வை பார்ப்பார். பக்கத்துக் கட்டில் நோயாளியைப் பார்க்க வந்த மூதூர் வியாபாரி ஒருவர், வாழ்க்கையில் முதன்முதல் இவரைக் காண்கிறார், எல்லோரும் கேட்கிறார்களே என்று அவரும் கேட்டார். "ஓம்" என்றார் இவர். அவருக்கும் சந்தோஷம்.

நானும் யாரும் இல்லாத நேரம் பார்த்துக் கேட்டேன். எனக்கும் அதே ஓம்தான். அது மூதூர் வியாபாரிக்குச் சொன்ன ஓமா, மனுசிக்குச் சொன்ன ஓமா என்று எனக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு விடுமுன் டொக்டர் அவரைக் கதிரையில் இருத்திப் பரிசோதித்தார். தன் பெயரைச் சொன்னார். ஊரைச் சொன்னார். காலையில் என்ன சாப்பிட்டார் என்று தெரியவில்லை. கிழமை தெரியவில்லை. டொக்டர் என்னைக் காட்டினார்.

"இது யார்?"

"வீட்டிலை."

"வீட்டில் யார்? பெயர் என்ன?"

அவர் முகட்டைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

எங்கள் ஆட்களில் பெண்சாதி புருஷன் பெயரைச் சொல்லமாட்டாள். எங்கள் பகுதியில் புருஷனும் பெண்சாதி பெயரைப் பிறர் காதில் விழச் சொல்வது குறைவு. கலியாணம் முடித்த நாளிலிருந்து அவர் என்னைக் கூப்பிட்டது "இஞ்சேர்" என்று, இங்கே பாரும் என்பது போல. பறங்கியர் வீட்டில் அப்படி இல்லையாம். பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்களாம்.

"மனுஷி பெயர் தெரியாது" என்று டொக்டர் வாய்விட்டுச் சொல்லி எழுதினார். மருந்து கொடுக்க நின்ற மிசி தெற்குப் பக்கத்துச் சிங்களப் பிள்ளை. அவருக்கு எங்கள் வழக்கம் தெரியாது. அற்றெண்டனுக்குத் தெரியும். தன் மனைவியின் பெயரை அவரும் சொல்லியிருக்க மாட்டார். ஆனால் டொக்டருக்கு விளக்கம் சொல்வது அற்றெண்டன் வேலை இல்லை. நான் ஒரு வசனம் சொல்லியிருக்கலாம்.

"மூன்று மாசம் கழித்துக் கூட்டி வாங்கோ" என்றார் டொக்டர். "வீட்டு மனுஷியை அப்பவும் தெரியாவிட்டால் நான் கொழும்புக்குக் கடிதம் தரவேணும்."

அந்தக் கடிதம் எங்கே கொண்டுபோய் விடும் என்று துறைமுகத்தில் எல்லோருக்கும் தெரியும். பைத்தியம் என்று அடைத்து வைக்கிற, பெரிய மதில் உள்ள ஆஸ்பத்திரி. போனவர்களைப் பற்றிக் கதைப்பார்கள். வந்தவர்களைப் பற்றி நான் கேள்விப்பட்டதில்லை. என் பயம் அது மட்டும் இல்லை. அவர் பெயர் சொல்லாமல் இருந்தது வெட்கத்தாலா, மறதியாலா? வெட்கம் என்றால் மனிதர் திரும்பி வந்துவிட்டார். மறதி என்றால் நான் ஒரு விருந்தாளியை வீட்டுக்குக் கூட்டிப் போகிறேன்.

புறப்படும்போது டொக்டர் ஒன்று சொல்லித் தந்தார். "செத்த இடம் முளைக்காது. ஆனால் பக்கத்து இடம் அந்த வேலையைப் பழகும். பழக்க வேணும். தினம் ஒரே நேரம், ஒரே வேலை. நீங்கள் செய்து குடுக்காதேயுங்கோ. அவர் செய்யட்டும்." எனக்கு அது விளங்கியது. ஒருத்தி பிள்ளைபெறப் போனால் பக்கத்து வீட்டுக்காரி அவள் வீட்டு அடுப்பையும் பார்ப்பாள். முதல் நாள் உப்புக் கூடும். பிறகு சரிவரும்.

வீட்டில் அவர் சேட்டுப் பொத்தான் போட அரைமணி நேரம் எடுப்பார். நான் கையைக் கட்டிக்கொண்டு பார்த்து நிற்பேன். வேலியால் பார்த்த பெண்களுக்கு இது நல்ல கதை.

"பாருங்கோவன், மனுசன் அந்தரப்படுறார். அவள் தூண் மாதிரி நிக்கிறாள்."

"கல்நெஞ்சுக்காரி. வாய் பேசாததுகளை நம்பக்கூடாது."

மாமி அவர் வாயில் சோறு தீத்தினார். மாமி கோயிலுக்குப் போகும் நேரம் பார்த்து நான் தட்டை அவர் மடியில் வைத்துவிட்டு எட்டப் போய் இருந்தேன். பாதி நிலத்தில் விழும். கோழிகள் அவரைவிட வேகமாகத் தேறின.

ஒன்றை மட்டும் அவர் மறக்கவில்லை. முடிச்சு. பொத்தான் போடத் தெரியாத அதே விரல்கள் ஒரு கயிற்றுத் துண்டு கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு விதம்விதமாக முடிச்சுப் போட்டன. அதைக் கண்டுதான் நான் வீட்டு வாசலிலிருந்து கக்கூஸ் வரைக்கும் ஒரு கயிறு கட்டினேன். நடுவில் ஒரு முடிச்சு: இங்கே திரும்பு. முடிவில் இரண்டு முடிச்சு: வந்துவிட்டாய். வழி தவறி அடுத்த வளவுக்குள் போய் நிற்பது அதோடு நின்றது. அவரை மூழ்கடித்ததும் கயிறு, நடக்கப் பழக்கியதும் கயிறு. அதை யோசித்துக்கொண்டு நிற்க எனக்கு நேரம் இருக்கவில்லை.

பெயரை எப்படிப் பழக்குவது? முதலில் நான் என் பெயரை அவருக்குச் சொல்ல வேண்டும். மாமி வெளியே போன ஒரு காலை, கதவைச் சாத்திவிட்டு, என் பெயரை நானே சொன்னேன். ஏதோ தூஷணம் சொன்னது போல எனக்குக் காது சுட்டது. அவர் திருப்பிச் சொன்னார். மத்தியானம் கேட்டேன். போய்விட்டது. மறுநாளும் போய்விட்டது. ஒரு மாதம் காலையில் ஏற்றி மத்தியானம் இறக்கினோம்.

பிறகு எனக்கு ஒரு யோசனை வந்தது. என் பெயருக்கு நாலு எழுத்து. ஒரு சாண் கயிற்றில் நாலு விதமான முடிச்சுப் போடச் சொல்லி, ஒவ்வொரு முடிச்சுக்கும் ஒரு எழுத்தைப் பழக்கினேன். விரல் முடிச்சைத் தொட, வாய் எழுத்தைச் சொல்லும். நாலையும் சேர்த்தால் நான்.

மூன்று மாதம் முடிந்தது. பழைய கதிரை, பழைய டொக்டர். கிழமை சரியாகச் சொன்னார். காலையில் தின்ற இடியப்பத்தைச் சொன்னார்.

"இது யார்? பெயர் என்ன?"

அவர் கண்ணை மூடினார். வலது கை சேட்டுப் பைக்குள் போனது. பைக்குள் விரல்கள் அசைவது எனக்குத் தெரிந்தது. நாலெழுத்தும் ஒன்றன்பின் ஒன்றாக, சத்தமாக, வார்டு முழுக்கக் கேட்க வந்தன.

டொக்டர் எழும்பி வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "வெரி குட். நல்லாச் சுகம்" என்று என்னையும் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். காப்பி அடித்துப் பாஸ் பண்ணிய பிள்ளையின் தாய் எப்படிச் சிரிப்பாள், அப்படி. கொழும்புக் கடிதம் என்ற பேச்சு அதோடு ஒழிந்தது. ஆனால் அவர் சொன்னது என்னையா, கயிற்றையா என்று எனக்குத் தெரியாது.

அடுத்த தொல்லை ஆஸ்பத்திரி வாசலிலேயே தொடங்கியது. அவருக்கு அந்தப் பெயர் பிடித்துப்போய்விட்டது. மூளையில் எந்த இடம் செத்ததோ, அதோடு வெட்கமும் செத்திருக்க வேண்டும். பஸ் நிலையத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். மீன் சந்தையில் கூப்பிட்டார். கோயிலில் பூசை நேரம், ஆண்கள் பக்கத்திலிருந்து பெண்கள் பக்கத்துக்கு, என் பெயரைச் சொல்லித் திருநீறு கேட்டார். நான் தூணுக்குப் பின்னால் போய் நின்றேன்.

வீதியில் எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள். "பாவம். உடம்பு தேறிட்டுது. புத்தி இன்னும் வரேல்லை."

"டொக்டர் சுகம் எண்டவராம்?"

"என்ன சுகம்? நடு ரோட்டிலை மனுசியைப் பேர் சொல்லிக் கூப்பிடுறார். உது சுகமே?"

மாமி அவருக்கு நூல் கட்டினார், எலுமிச்சம்பழம் வெட்டினார். என்னிடம், "உன்ரை பேரைப் பழக்கி என்ரை பிள்ளையை விசராக்கிப்போட்டாய்" என்றார். என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட கடைசி ஆள் என் அம்மா. அம்மா போய் நெடுங்காலம். கோயிலிலும் சந்தையிலும் எனக்கு உடம்பு கூசியது உண்மை. ஆனால் தனியாகக் குசினிக்குள் நிற்கும்போது முற்றத்திலிருந்து அந்தப் பெயர் கேட்டால், சில வேளை முதல் தடவை கேளாதது போல இருந்திருக்கிறேன். இரண்டாம் தடவையும் கூப்பிடட்டும் என்று.

அப்படி இரண்டு வருஷம் போயிருக்கும். அவர் மறுபடி கடலுக்குள் இறங்கவில்லை. நானாவின் லோஞ்சுக்கும் மற்றப் படகுகளுக்கும் கயிறு பின்னிக் கொடுத்து முற்றத்தில் இருந்தார். ஒருநாள் பின்னேரம் நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன்.

"இஞ்சேர், அந்தக் கத்தியை எடுத்தாரும்."

தேங்காய்ப் பாதி கையில் நின்றது. நான் அசையவில்லை.

"இஞ்சேர், காது கேக்கேல்லையே?"

மாமியின் காதில் அது விழுந்தது. உடனே கற்பூரம் கொளுத்தினார். வேலிக்கு அப்பால் இருந்தவர்கள் வந்து பார்த்தார்கள். "இப்பதான் புத்தி வந்திருக்கு" என்று எல்லோருக்கும் நிம்மதி. பறங்கி டொக்டர் அதற்குள் மாற்றலாகிப் போய்விட்டார். இருந்திருந்தால், "மனுஷி பெயர் மறுபடியும் மறந்துபோனது" என்று எழுதியிருப்பார்.

எனக்கு வீதியின் தீர்ப்பும் டொக்டரின் தீர்ப்பும் போதவில்லை. மறுநாள் மாமி கோயிலுக்குப் போனதும், அவர் பக்கத்தில் போய் நின்றேன். என் பெயர் முடிந்த கயிற்றுத் துண்டு அலுமாரிக்குள் இருந்தது. அவர் கையில் படகுக்குப் பின்னும் கயிறுதான்.

"என்ரை பேர் என்ன?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு வேலியைப் பார்த்தார், யாரும் நிற்கிறார்களா என்று. காது மடல் இரண்டும் சிவந்து வந்தன. தலை குனிந்து, பின்னிய கயிற்றை அவிழ்த்து மறுபடி பின்னத் தொடங்கினார்.

"போம் அங்காலை. உமக்கு வேறை வேலை இல்லையே."

நான் போனேன். எனக்கு அது போதும். மூழ்கிய மனிதர் அன்றைக்குத்தான் முழுக்கக் கரையேறினார். அதன் பிறகு அவர் சாகுமட்டும் என் பெயரை ஒருமுறையும் சொல்லவில்லை.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். சில விஷயங்களை யாராவது விசாரித்துத் திருத்திவிட வேண்டும். வடம் சுற்றியது வலது காலா, இடது காலா? ஐஸ் வைத்தது மூன்று நாளா, நாலு நாளா? முக்கியமாக அந்தப் பீடி. நான் ஒன்றரை என்று எழுதியிருக்கிறேன். இரண்டு என்று சாதித்தவரும் படகில் நின்றவர்தான். அன்றைக்கு அந்தப் படகில் நின்றவர்கள் யாராவது கிண்ணியாப் பக்கமோ, நகரத்திலோ இன்னும் இருந்தால், எத்தனை பீடி, அது நடுவில் அணைந்ததா என்று கேட்டு எழுதிவிடுங்கள். ஆளை அடையாளம் சொல்ல அவர் பெயர் வேண்டுமென்றால் என்னிடம் கேட்க வேண்டாம், பிறகு எங்களுக்குப் பிறந்த பிள்ளைகளிடம் கேளுங்கள்.